பழைய படைக்கொடி: துணி சொல்வதும் சொல்லாததும்

புனேயில், பாணேரிலிருந்து பல்கலைக்கழகம் பக்கம் போகிற சாலையில் காலை நேரத்தில் வண்டிகள் நகரவே மாட்டா. அந்தச் சாலை போய்ச் சேரும் கணேஷ்கிண்டும் அதற்கு அப்பால் இருக்கும் கட்கியும் ஒரு காலத்தில் போர்க்களம் என்பது, இங்கே வேலைக்காக வந்து குடியேறிய நம்மில் பலருக்குத் தெரியாது. 1817 நவம்பர் 5 அன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் இந்த மேட்டு நிலத்தில்தான் மோதின. மராத்தியப் படையை நடத்தியவர் பாபு கோகலே. பேஷ்வா பர்வதி குன்றின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனிப் பக்கம் சுமார் 2,800 பேர். எதிரே அதைப் போலப் பல மடங்கு. அன்று பேஷ்வா படையின் முதன்மைக் கொடியான ஜரிபட்காவைத் தாங்கிப் போனவர் மோரோ தீக்ஷித். அவர் களத்திலேயே இறந்தார். ஊரை விட்டுப் படை கிளம்பும்போதே அந்தக் கொடியின் கம்பு முறிந்துபோனதாகவும், அதைப் பார்த்த வீரர்களின் மனம் தளர்ந்ததாகவும் அந்தக் காலத்து மராத்தியர் வரலாற்றை எழுதிய கிராண்ட் டஃப் பதிவு செய்திருக்கிறார். பன்னிரண்டு நாள் கழித்து, நவம்பர் 17 அன்று, பேஷ்வாவின் அரண்மனையான சனிவார் வாடாவின் மேல் ஆங்கிலேயர் கொடி ஏறியது. அதை ஏற்றியவர் பாலாஜி பந்த் நாட்டு.

இப்படிப்பட்ட ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது மங்கிய துணி ஒன்று அகப்பட்டால், அது உடனே "போர்க்களக் கொடி" ஆகிவிடுவதில் வியப்பில்லை. நான் ஆரணிப் பக்கம் பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். கோயம்புத்தூரில் துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். இது தெரிந்ததிலிருந்து அக்கம்பக்கத்தில் பழைய துணி எது கிடைத்தாலும் என்னிடம் கொண்டு வருகிறார்கள். கொடி கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இது ஒரிஜினலா?"

அதற்கு நான் சொல்கிற பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. துணியைப் பார்த்து "இது அது இல்லை" என்று உறுதியாகச் சொல்ல முடியும். "இதுதான் அது" என்று துணியை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. இன்ன வருஷத்துக்கு முன்னால் இது இருந்திருக்க முடியாது என்பது வரைக்கும்தான் நூலும் சாயமும் தையலும் பேசும். யார் கையில் இருந்தது, எந்தக் களத்தில் பறந்தது என்பதையெல்லாம் மனிதர்கள்தான் எழுதி வைத்திருக்க வேண்டும். இந்தப் பதிவு முழுக்க இதைப் பற்றித்தான்.

கட்கியில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன் போன மழைக்காலத்தில் ஒரு கொடியைக் கொண்டு வந்தான். பாலித்தீன் பையில் சுருட்டி, ரசகற்பூர உருண்டை போட்டு வைத்திருந்தார்கள்.

"அக்கா, தாத்தாவோட டிரங்குப் பெட்டியில இருந்துச்சு. 1857ல கம்பெனிப் படை வச்சிருந்த கொடின்னு அப்பா சொல்லுவார். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

சாப்பாட்டு மேசையில் வெள்ளைப் பருத்தி விரிப்பைப் போட்டு அதன்மேல் மெதுவாகப் பிரித்தோம். யூனியன் ஜாக். ஒன்றரை கஜ நீளம் இருக்கும். தொட்டதுமே கம்பளி என்று தெரிந்தது. முறுக்கேறிய கம்பளி நூலை இடைவெளி விட்டு நெய்த சொரசொரப்பான துணி. காற்று புகுந்து போக வேண்டும், மழையில் நனைந்தாலும் சீக்கிரம் உலர வேண்டும் என்பதற்காகக் கம்பத்தில் பறக்கும் கொடிகளுக்கென்றே அப்படி நெய்வார்கள். அங்கங்கே ஓட்டைகள். ஓட்டையின் ஓரம் லென்ஸில் எப்படித் தெரிகிறது என்று பார்த்தேன். பூச்சி அரித்த ஓட்டையில் நூல்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வேறுவேறு இடத்தில் அறுந்திருக்கும். சில இடத்தில் பாவு இருக்கும், ஊடை மட்டும் போயிருக்கும். பழசு போலக் காட்டுவதற்காகச் சுட்டோ தேய்த்தோ போடும் ஓட்டையில் ஓரம் ஒரே சீராக இருக்கும். இது பூச்சியின் வேலைதான்.

அடுத்து, கம்பத்தின் பக்கம் வரும் கித்தான் பட்டையின் உள்புறம். கொடியில் நான் முதலில் பார்க்க விரும்பும் இடம் அதுதான். வெயில் படாத மடிப்புக்குள் துணியின் பழைய நிறம் அப்படியே உறங்கிக்கொண்டிருக்கும். வெளியே மங்கி, உள்ளே ஆழமாக இருந்தால் அந்த மங்கல் காலம் செய்தது. டீத்தண்ணீரில் முக்கிப் பழசாக்கிய துணியில் மடிப்புக்குள்ளும் அதே பழுப்பு ஏறியிருக்கும். தையல் நூல்கூட அதே நிறத்தில் இருக்கும். பையனின் கொடியில் மடிப்புக்குள் நீலம் கருநீலமாகவே இருந்தது. பட்டைக்குள் கயிறு வைத்துத் தைத்து, மேல் முனையில் மரக்கட்டை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கீழே, கித்தானின் மேல், மங்கிய கறுப்பு மையில் முத்திரை. விளக்கைச் சாய்த்துப் பிடித்ததும் தெரிந்தது: மேல்நோக்கிய அம்புக்குறி, அதோடு 'ஐ' என்னும் ஆங்கில எழுத்து, பக்கத்தில் 1942.

அந்த அம்பு பிரிட்டிஷ் ராணுவச் சரக்கின் அடையாளம். 'ஐ' சேர்ந்தால் இந்தியாவில் தயாரானது. ஆக, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கேயே தைத்து ராணுவத்துக்குக் கொடுத்த கொடி. தையலும் அதையே சொன்னது: முழுக்க மெஷின் தையல். தையல் மெஷின் பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததே 1850களுக்குப் பிறகுதான். பறக்கும் முனையில் மட்டும் வேறு நூலில் யாரோ கையால் இழையோட்டிச் சரி செய்திருந்தார்கள்.

"அப்போ இது போலியா அக்கா?"

"போலி இல்லப்பா. கொடி நிஜம். அதோட ஒட்டிக்கிட்ட கதைதான் வேற."

பையனின் முகம் வாடிவிட்டது. ஆனால் தாத்தாவின் சர்வீஸ் புத்தகம் வீட்டில் இருக்கிறது என்று அவனே பிறகு சொன்னான். போர்க் காலத்தில் கட்கி ராணுவக் கிடங்கில் அவர் வேலை பார்த்ததற்கு அதில் தேதியோடு பதிவு இருக்கிறது. அந்தப் புத்தகமும் கொடியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்வரை அது மதிப்புள்ள சான்று. இரண்டையும் பிரித்துவிட்டால், சந்தையில் கிடைக்கும் இன்னொரு பழைய யூனியன் ஜாக், அவ்வளவுதான்.

துணியைத் தொடுவதற்கு முன்பே, அதில் உள்ள சின்னங்களை வைத்துப் பாதி வேலையை முடித்துவிடலாம். யூனியன் ஜாக்கில் வெள்ளை மூலைவிட்டக் கோடுகளுக்குள் ஓடும் சிவப்பு மூலைவிட்டக் கோடு அயர்லாந்தைச் சேர்த்துக்கொண்டபோது வந்தது. 1801 ஜனவரி 1 முதல்தான் அது உண்டு. திப்பு சுல்தான் இறந்தது 1799ல். ஆகவே "சீரங்கப்பட்டணப் போரில் பறந்தது" என்று யாராவது காட்டும் கொடியில் அந்தச் சிவப்பு இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மகுடமும் அப்படித்தான். விக்டோரியா காலத்து மகுடத்தின் வளைவு நடுவில் சற்றுக் குழிந்திருக்கும். 1901ல் அவர் இறந்து ஏழாம் எட்வர்டு வந்த பிறகு, வளைவு மேடாக எழும்பிய மகுடம் வந்தது. 1952 வரை அதுதான். குழிவா மேடா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், பல "1857" கொடிகள் ஒரே நொடியில் இருபதாம் நூற்றாண்டுக்கு வந்துவிடும்.

படைப்பிரிவின் எண் இன்னும் உதவியானது. 1903ல் படைத்தலைவர் கிச்சனர் காலத்தில் இந்தியப் படைப்பிரிவுகளுக்கு ஒரே வரிசையில் புது எண் போட்டார்கள். 1922ல் மறுபடி கலைத்து அடுக்கினார்கள். நம் பக்கத்து மராத்தியப் படைகளில் 103, 105, 110 என்ற எண்கள் 1903க்கும் 1922க்கும் இடையில்தான் இருந்தன. பிறகு எல்லாம் ஐந்தாம் மராத்தா லைட் இன்ஃபன்ட்ரிக்குள் போய்விட்டன. கொடியில் 103 என்று பொறித்து, "சிப்பாய்க் கலகக் காலத்தது" என்று சொன்னால் கணக்கு எங்கே இடிக்கிறது என்று இப்போது உங்களுக்கே தெரியும். காலாட்படைக் கொடிகளில் அந்தப் படை பங்கேற்ற போர்களின் பெயர்களைப் பூவேலையாகத் தைப்பார்கள். அவற்றில் கடைசியாக நடந்த போரைத் தேடுங்கள். கொடி அதற்குப் பின்னால்தான் தைக்கப்பட்டிருக்க முடியும். அதுவும் போர் முடிந்த உடனே பெயர் ஏறாது. முதல் உலகப் போரின் பெயர்கள் 1920களில்தான் ஏறின.

அளவும் பேசும். 1768 விதிப்படி பிரிட்டிஷ் காலாட்படைக் கொடி ஆறரை அடிக்கு ஆறடி. கம்போடு அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதே பெரிய பாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அது படிப்படியாகச் சிறுத்து, 1868 வாக்கில் மூன்றே முக்கால் அடிக்கு மூன்றடி ஆனது. கம்பின் உச்சியில் ஈட்டிமுனை போய், மகுடத்தின் மேல் நிற்கும் சிங்கம் வந்ததும் அந்தக் காலக்கட்டத்தில்தான்.

எல்லாப் படைக்கும் கொடி உண்டு என்று நினைப்பதும் தவறு. ஆங்கிலேயர் காலத்தில் ரைஃபிள் படைப்பிரிவுகள் கொடி ஏந்துவதில்லை. பீரங்கிப் படைக்கு அதன் பீரங்கிகளே கொடி. அவற்றைத்தான் எதிரி கையில் விடாமல் காப்பார்கள். 1818 ஜனவரி 1 அன்று பீமா நதிக்கரையில், இங்கிருந்து அதிக தூரமில்லாத கோரேகானில் நடந்த சண்டையில் கம்பெனிப் பக்கம் இருந்த இரண்டு பீரங்கிகளும் மதராஸ் பீரங்கிப் படையைச் சேர்ந்தவை. "கோரேகானில் மதராஸ் பீரங்கிப் படை ஏந்திய கொடி" என்று ஒன்றை யாராவது காட்டினால், நான் துணியைப் பிரித்துப் பார்க்கும் முன்பே சந்தேகப்படுவேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு நெருக்கமான அடையாளம் ஒன்று உண்டு. 1803 செப்டம்பர் 23 அன்று, இதே மகாராஷ்டிரத்தில், இன்றைய ஜால்னா மாவட்டத்தில் உள்ள அசாயேயில் ஆங்கிலேயத் தளபதி வெல்லெஸ்லி தலைமையில் மராத்தியரோடு நடந்த போரில் மதராஸ் சிப்பாய்கள் பெரும் எண்ணிக்கையில் நின்றார்கள். அந்தப் போரின் நினைவாகக் கம்பெனி கௌரவக் கொடி வழங்கியது. யானை அதன் சின்னம். இன்றைய மதராஸ் ரெஜிமென்ட்டின் சின்னத்திலும் அந்த யானை நிற்கிறது. தமிழ்ச் சிப்பாய்கள் யாருக்காக, யாரை எதிர்த்துச் சண்டை போட்டார்கள் என்பது கசப்பான கேள்வி. அந்தக் கசப்பையும் சேர்த்துத்தான் இப்படிப்பட்ட துணிகள் காப்பாற்றப்பட வேண்டும் என்பது என் எண்ணம். யானை இருந்தால் 1803க்குப் பின். அதற்கு மேல் அந்த யானையிடமிருந்து ஒன்றும் கேட்க முடியாது.

சரி, சின்னங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. அப்போது துணிக்குள் போக வேண்டும்.

இந்த இடத்தில் பலர் "கார்பன் சோதனை செய்தால் தெரிந்துவிடுமே" என்பார்கள். கொடிகளுக்கு அது அநேகமாக உதவாது. சுமார் 1650 முதல் 1950 வரையான முந்நூறு ஆண்டுகளில் காற்றில் இருந்த கதிர்க்கார்பனின் அளவு ஏறியும் இறங்கியும் குழம்பிக் கிடக்கிறது. போதாததற்குத் தொழிற்சாலைகளின் நிலக்கரிப் புகையும் அதில் கலந்தது. 1817ல் விளைந்த பருத்தியையும் 1900ல் விளைந்த பருத்தியையும் அது பிரித்துச் சொல்லாது. ஒன்றே ஒன்றைப் பளிச்சென்று சொல்லும்: அணுகுண்டு வெடிப்புச் சோதனைகளால் 1950களின் நடுவிலிருந்து காற்றில் கதிர்க்கார்பன் எகிறியது, அதற்குப் பிறகு விளைந்த பஞ்சோ பட்டோ உடனே மாட்டிக்கொள்ளும்.

சாயம் அதைவிடப் பயன் தரும். 1856ல் பெர்க்கின் என்ற இளைஞர் லண்டனில் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார், ஊதா நிறம். அதற்கு முன்னால் சிவப்பென்றால் மஞ்சிட்டி, சாயவேர், அரக்கு, கொச்சினீல் பூச்சி, நீலமென்றால் அவுரி. ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்ன நூல் துண்டை வைத்து எந்தச் சாயம் என்று பிரித்துவிடுவார்கள். ஆனாலும் இங்கேயும் எல்லை உண்டு. 1897ல் ஜெர்மனியிலிருந்து வந்த செயற்கை நீலமும் நம் அவுரியும் வேதியியலில் ஒரே பொருள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இயற்கைச் சாயமாக இருப்பதும் பழமைக்கு உறுதியில்லை. இன்றைக்கும் அவுரியில் முக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பட்டுக் கொடியென்றால் அது எப்படிக் கிழிந்திருக்கிறது என்று பார்ப்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் பட்டுக்கு எடை கூட்டத் தகர உப்பை ஏற்றினார்கள். அந்தப் பட்டு மடிப்பு மடிப்பாக, கத்தியால் கீறியது போல நீளவாக்கில் வெடித்துப் பொடியும். பூச்சியோ எலியோ தொடாமலே, பெட்டிக்குள் சும்மா இருந்தே உதிரும். அப்படிப்பட்ட கொடியை 1817க்குக் கொண்டு போக முடியாது.

சரிகையைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேச ஆசை. இது எங்கள் வீட்டுத் தொழில். அசல் சரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்கம் பூசுவார்கள். காஞ்சிப் பட்டு வாங்கும்போது சரிகையை லேசாகச் சுரண்டி உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார்களே, அதே வழிதான் இங்கேயும். படைக்கொடியின் பூவேலையில் உள்ள சரிகை காலப்போக்கில் தங்கம் தேய்ந்து, வெள்ளி கறுத்து, எழுத்துகள் கரிக்கோடு போலத் தெரியும். செம்புக் கலப்புச் சரிகையானால் பச்சை பூக்கும். 1950களுக்குப் பிறகு வந்த பிளாஸ்டிக் சரிகை கறுக்கவும் செய்யாது, பச்சை பூக்கவும் செய்யாது. துணி நைந்துபோன பின்னும் மினுமினுத்துக்கொண்டே இருக்கும். நைந்த துணியில் மினுங்கும் சரிகையைப் பார்த்தால் உடனே கவனமாகிவிடுங்கள்.

புற ஊதா டார்ச் இப்போது மலிவாகவே கிடைக்கிறது. இருட்டறையில் அடித்துப் பார்த்தால், நவீன சோப்புத்தூள்களில் சேர்க்கும் வெண்மையூட்டிகள் நீலவெள்ளையாக ஒளிரும். அவை வந்ததே 1940களை ஒட்டித்தான். ஆனால் ஒளிர்ந்த உடனே போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பாட்டி ஒருமுறை சோப்புத்தூள் போட்டு அலசியிருந்தாலும் பழைய துணி ஒளிரும். தையல் நூல் ஒளிர்கிறதா, மடிப்புக்குள் ஒளிர்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கைத்தையலைக் கண்டு மயங்குவதும் இதே போன்ற தவறுதான். படைக்கொடிகளின் பூவேலையை இன்றும் கையால்தான் செய்கிறார்கள்.

இவ்வளவும் செய்து, எதுவும் இடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் என்ன எழுதித் தருவேன்? "1860க்கும் 1900க்கும் இடைப்பட்டதாக இருக்கலாம், அதற்கு மாறான தடயம் துணியில் இல்லை." இவ்வளவுதான். இதற்கு மேல் எழுதித் தருகிறவர்களை நம்பாதீர்கள்.

மீதிப் பாதி, கொடி கைமாறி வந்த வழி. அதைப் புரிந்துகொள்ள, புனேயில் இருப்பவர்கள் நாராயண் பேட்டையில் உள்ள கேசரி வாடாவுக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். திலகர் வாழ்ந்த வீடு, கேசரி பத்திரிகையின் இடம். அங்கே இருப்பது படைக்கொடி இல்லை, ஆனால் கொடியின் உண்மையை எப்படி நிறுவுவது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இந்த ஊரில் இல்லை. 1907 ஆகஸ்ட் 22 அன்று ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டில் நடந்த சர்வதேச சோஷலிஸ்ட் மாநாட்டில் ஐரோப்பாவில் இருந்த இந்தியப் புரட்சியாளர் மேடம் பிக்காஜி காமா விரித்துக் காட்டிய இந்தியக் கொடி அது. மேலே பச்சையில் எட்டுத் தாமரைகள், நடுவில் தேவநாகரியில் வந்தே மாதரம், கீழே சிவப்பில் சூரியனும் பிறையும்.

இப்போது நம் பள்ளிப் புத்தகங்களிலும், தேசியக் கொடியின் வரலாற்றைச் சொல்லும் அரசாங்கக் குறிப்பிலும் காமா அம்மையாரின் கொடி எப்படி வர்ணிக்கப்படுகிறது என்று பாருங்கள். மேல்பட்டையில் ஒரே ஒரு தாமரை, ஏழு நட்சத்திரங்கள், அவை சப்தரிஷிகளைக் குறிப்பவை என்று இருக்கும். விரித்த இடமும் ஸ்டட்கார்ட் என்று இல்லாமல் பாரிஸ், பெர்லின் என்று வரும். ஒரே கொடிக்கு இரண்டு முகம். இதில் எது சரி?

துணியைச் சோதித்தால் இந்தச் சிக்கல் தீராது. இரண்டு வடிவத்தில் இரண்டு பழைய கொடிகள் கிடைத்தாலும், சாயமும் நூலும் இரண்டையும் 1907 வாக்கில்தான் நிறுத்தும். புரட்சிக்காரர்கள் ஒன்றுக்கு மேல் செய்திருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. புனேக் கொடிக்கு வலு சேர்ப்பது அது கைமாறி வந்த வழி. குஜராத்தைச் சேர்ந்த இந்துலால் யாக்னிக் ஆங்கிலேயர் கண்ணில் படாமல் அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார். காமாவைப் போலவே ஐரோப்பாவில் இயங்கிய புரட்சியாளர் ஷ்யாம்ஜி கிருஷ்ணவர்மாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவரே. அந்த வட்டத்தை நெருங்கி அறிந்தவர். அவர் கையிலிருந்து புனே வந்து, கேசரியில் தங்கிவிட்டது. எங்கிருந்து யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார், எங்கே வைத்தார் என்று பெயர் சொல்லிக் கேட்க முடிகிறது. ஏழு நட்சத்திரக் குறிப்போ, எந்தத் துணியைப் பார்த்து எழுதியது என்று சொல்லாமல் புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குத் தாவிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஸ்டட்கார்ட்டில் விரிந்தது எட்டுத் தாமரைக் கொடி என்பதுதான் என் முடிவு.

சென்னைவாசிகளுக்கும் இப்படி ஒன்று அருகிலேயே இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று விடியற்காலை 5.05 மணிக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய மூவண்ணக் கொடி. பட்டுத் துணி, பன்னிரண்டடிக்கு எட்டடி. கோட்டை அருங்காட்சியகத்தில் 2013 ஜனவரி 26 முதல் மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். அன்று நாடெங்கும் ஏற்றிய கொடிகளில் இன்று மிஞ்சியிருப்பது இதுவே என்று தொல்லியல் துறை சொல்கிறது. அது உண்மையான கொடி என்பதற்குப் பெரிய காரணம், அது கோட்டையை விட்டு வெளியே போகவில்லை என்பது. ஏற்றிய இடத்திலேயே இருக்கிறது. ஒரு கொடிக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பழம்பொருள் சந்தையில் "ரெஜிமென்ட் கொடி" என்று விலை சொல்லும் துணிகளின் கதி என்ன? படைக்கொடி சாமானியப் பொருளில்லை. மதச் சடங்கோடு வழங்குவார்கள். நைந்து போனால் தேவாலயத்திலோ படைப்பிரிவின் கூடத்திலோ மரியாதையோடு வைத்துவிடுவார்கள். இந்தியா குடியரசானதும் இந்தியப் படைப்பிரிவுகளின் மன்னர் கொடிகள் 1950ல் டேராடூன் ராணுவ அகாதமியின் செட்வுட் மண்டபத்தில் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் இப்படிப் போக்கிடம் இருந்தது. அதை மீறி ஒன்று சந்தைக்கு வந்தால், எப்படி வந்தது என்று விற்கிறவர்தான் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள். பேஷ்வாவின் ஜரிபட்கா என்று யாராவது காட்டும் துணிக்கும் இதே கேள்விதான்.

தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மலேயாவிலும் பர்மாவிலும் இருந்து திரும்பிய நம் தாத்தா பாட்டிகளில் எத்தனையோ பேர் நேதாஜியின் படையில் இருந்தவர்கள். ஜான்சி ராணிப் படையில் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். அந்த வீடுகளைக் குறிவைத்து, பாயும் புலி போட்ட மூவண்ணக் கொடியை "ஐ.என்.ஏ. கொடி" என்று விற்கிறார்கள். ஆசாத், ஹிந்த் என்ற எழுத்துகளோடு புலி பாயும் கொடி ஜெர்மனியில் திரட்டிய இந்தியப் படையினுடையது. 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் அமைந்த சுதந்திர இந்திய அரசு ஏற்றுக்கொண்டது ராட்டை போட்ட மூவண்ணக் கொடியை. ஆகவே பாட்டியின் பெட்டியில் ராட்டைக் கொடி இருந்தால், "இது வெறும் காங்கிரஸ் கொடி" என்று ஒதுக்கிவிடாதீர்கள். காவி, வெள்ளை, பச்சையில் ராட்டை என்றால் 1931க்குப் பின். அசோகச் சக்கரம் என்றால் 1947 ஜூலை 22க்குப் பின். அந்த இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளின் கொடிகள்தான் இன்று மிக வேகமாக அழிந்துகொண்டிருக்கின்றன.

அழிவதற்கு அவற்றை வைத்திருக்கும் நாமே காரணம். வெளிநாட்டிலும் இப்படி நடந்ததுண்டு. அமெரிக்காவின் தேசிய கீதத்துக்குக் காரணமான கொடியை 1813ல் மேரி பிக்கர்ஸ்கில் தைத்தபோது அது 42 அடி நீளம். ஆங்கிலேயரோடு அப்போது நடந்த போருக்குப் பிறகு அதை வைத்திருந்த குடும்பம் கேட்டவர்களுக்கெல்லாம் நினைவாக ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தது. இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருப்பது 34 அடிதான். நட்சத்திரம் ஒன்றையும் காணோம். 1914ல் அதன் முதுகில் லினன் துணி வைத்துப் பதினேழு லட்சம் தையல் போட்டார்கள்; 1999ல் அதையெல்லாம் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. நல்லெண்ணத்தோடு செய்யும் பழுதுபார்ப்பும் இப்படித்தான் முடியும்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. "கிழிந்த தேசியக் கொடியை வைத்திருக்கக் கூடாது, எரித்துவிட வேண்டும்" என்று யாரோ சொல்லக் கேட்டு, தாத்தா 1947ல் ஏற்றிய கொடியை எரித்த வீட்டை எனக்குத் தெரியும். சேதமான கொடியைத் தனிமையில், மரியாதையோடு அழிக்கச் சொல்லும் விதி இந்தியக் கொடிச் சட்டத்தொகுப்பில் இருப்பது உண்மை. அது கண்ட இடத்தில் கிழிந்த கொடியை வீசக் கூடாது என்பதற்காக வந்தது. வரலாற்றுச் சான்றாக இருக்கும் கொடியில் கைவைக்கும் முன்னால் ஓர் அருங்காட்சியகத்தைக் கேளுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930லிருந்தே பாதுகாப்பு வேதியியல் கூடம் இருக்கிறது. மும்பையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் பாதுகாப்பு மையம் இருக்கிறது. நூறு வருஷம் தாண்டிய பொருளானால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. வாங்க வருகிறவர்கள் ஆசை காட்டினாலும் மயங்காதீர்கள்.

உங்கள் வீட்டில் பழைய கொடி இருந்தால் தயவுசெய்து துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டி வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். அருங்காட்சியகங்களே துணிக்கு ஐம்பது லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கொடுப்பதில்லை. நம் வரவேற்பறை ஜன்னலோரம் அதைப் போலப் பல மடங்கு. பாலித்தீன் பையிலிருந்து எடுத்து, கஞ்சி போடாத, பலமுறை அலசிய வெள்ளைப் பருத்தித் துணியில், மடிக்காமல் உருளையாகச் சுற்றி வையுங்கள். முத்திரை, தையல், ஓரம், மடிப்பின் உள்புறம் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள்.

அதற்கும் முன்னால், இன்றைக்கே, வீட்டில் மூத்தவர் யார் இருக்கிறாரோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இது யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கொடுத்தார், எந்த வருஷம் என்று அவர் சொல்வதை அவர் வாய்ச்சொல்லாகவே எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி, கொடியோடு வையுங்கள். தெரியாததை "தெரியாது" என்றே எழுதுங்கள். எழுதி முடித்ததும் சின்னங்களும் முத்திரையும் தெரியும்படி எடுத்த படங்களோடு எனக்கு அனுப்புங்கள். துணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைக் கட்டாயம் சொல்கிறேன்.